திதி தெரியாதவனுக்கு ஒரு மெழுகுதிரி

லித்துவேனியா என்று ஒரு நாடு இருக்கிறதென்பது ஐம்பது வயதுவரை எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு அது என்னை விடவில்லை. ஏறத்தாழ இலங்கை அளவுதான். இரண்டையும் படத்திலிருந்து வெட்டி எடுத்தால் துணி ஒரே அளவு வரும் என்று எனக்குச் சொன்னவர், அங்கே பிறந்த ஒரு யூதர். ரொறன்ரோவில் ஸ்பாடைனா தெருவில் நாற்பது வருடம் குளிர்கோட்டுக்குத் துணி வெட்டியவர். அளவு விஷயத்தில் பிழை விடமாட்டார் என்று நம்பினேன். பிறகு மகளைக் கொண்டு தேடிப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

பாதர்ஸ்ட் வீதியில் நான் சூப்பராக இருந்த கட்டடத்தில், ஆறாம் மாடியில் அவர் தனியே இருந்தார். சூப்பர் என்றால் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிறவன். குழாய் ஒழுகினாலும் கதவு இறுகினாலும் கீழ்மாடியில் இருக்கிற என் கதவைத்தான் தட்டுவார்கள். குடியிருந்தவர்களில் அரைவாசிப் பேர் வயதுபோன யூதர்கள். அவர்கள் எல்லாரோடும் நான் ஒருமுறையாவது சண்டை பிடித்திருக்கிறேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பாள் மனைவி. அஜின்கோர்ட்டில் இருக்கிற அக்கா, "அவனுக்கு மூக்கு முழுக்கக் கோபமடி" என்று திருத்துவாள்.

கோட்டுக்காரரோடு சண்டை தொடங்கியது, நாங்கள் அங்கே போன முதல் மாரியில், ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். நானும் மனைவியும் புட்டும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கதவு தட்டுப்பட்டது. திறந்தால் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக அவர் நின்றார்.

"என்ரை குசினி இருட்டாக் கிடக்கு" என்றார்.

அவர் பேசியது இங்கிலிஷ். ஆனால் என் ஞாபகத்தில் அவர் எப்போதோ யாழ்ப்பாணத் தமிழுக்கு மாறிவிட்டார். அப்படியே எழுதுகிறேன்.

"லைற்றைப் போடுங்கோவன்" என்றேன்.

"நல்ல இருட்டு" என்றார்.

பல்ப் எரிந்துவிட்டது போல என்று நினைத்தேன். சாப்பாட்டை அப்படியே மூடிவைத்துவிட்டு, ஏணியும் புதுப் பல்புமாக ஆறாம் மாடிக்குப் போனேன். சமையலறைச் சுவிட்சைத் தட்டினேன். பழைய பல்ப் பளிச்சென்று எரிந்தது. நான் ஏணியோடு நிற்கிறேன். மனிதர் என்னைப் பார்த்து, "ஆ, நல்ல வெளிச்சம்" என்று சொல்லிக் கதவைத் திறந்து பிடித்தார், நான் வெளியே போவதற்கு. கீழே வரும்வரை அவருக்குக் கேட்காத தூரத்தில் தமிழில் ஏசிக்கொண்டே வந்தேன்.

ஞாயிறு காலை அவரே இறங்கி வந்து விளக்கம் சொன்னார். வெள்ளி சூரியன் விழுந்ததிலிருந்து சனி இருட்டும்வரை அவர்களுக்கு ஓய்வுநாள். நெருப்பு மூட்டக்கூடாது, லைற்றும் நெருப்புக் கணக்குத்தான். அதனால்தான் அந்தக் கட்டடத்தில் ஒரு லிஃப்டை நான் வெள்ளிதோறும் திருப்பிவிடுவேன். அது பொத்தான் அமர்த்தாமலே ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று போய் வரும். தானாக லைற் போடக்கூடாது என்பது போலவே, வேறொருவனைப் போடச்சொல்லிக் கேட்கவும் கூடாதாம். ஆனால் குசினி இருட்டாக இருக்கிறது என்று ஒரு மனிதன் சொன்னால், அது வெறும் செய்தி.

"உது கள்ள வேலை" என்றேன். "கடவுளைப் பேய்க்காட்டுறியள்."

"சட்டம் எழுதினவருக்கு, எங்கை ஓட்டை விட்டவர் எண்டு தெரியாதோ?" என்றார் அவர், கொஞ்சமும் கோபப்படாமல்.

இதை மனைவியிடம் சொன்னேன். அவள் என் பக்கம் நிற்பாள் என்று பார்த்தால் சிரித்தாள். "நாங்கள் மட்டும் என்னவாம்? வெளிக்கிடுற ஆளிட்டை எங்கை போறாய் எண்டு கேக்கிறமோ? தூரமோ எண்டுதானே கேக்கிறனாங்கள்" என்றாள். அதுவும் சரிதான். நான் போய் அதை அவரிடம் சொன்னேன். அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டும். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் சாப்பிட உட்கார முதல் நானே ஒருதரம் ஆறாம் மாடிக்குப் போய் வருவேன்.

அப்படிப் போய்ப் போய்த்தான் எனக்கு லித்துவேனியா பழக்கமானது. அங்கே மலை கிடையாது. இருக்கிற உயரமான குன்றை நுவரெலியாவில் கொண்டுபோய் வைத்தால் வெட்கப்பட்டுச் செத்துப்போகும். காடு மட்டும் வேண்டிய மட்டும். மின்கம்பத்தின் உச்சியில் நாரை கூடு கட்டினால் வீட்டுக்கு நல்லகாலம் என்று கொண்டாடுவார்களாம். ஐரோப்பா முழுக்கக் கிறிஸ்தவத்துக்குப் போன பிறகும், அந்தச் சின்ன நாடு கடைசிவரை போகமாட்டேன் என்று நெருப்பைக் கும்பிட்டுக்கொண்டு நின்றதாம். அவர்கள் பாஷையில் நெருப்புக்கு உக்னிஸ் என்று பெயர். அக்னியேதான். பல்லுக்கு தந்திஸ். எங்கள் தந்தம் அங்கே போனதோ அவர்களுடையது இங்கே வந்ததோ என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரு மாரிகாலம் முழுக்க வாதாடினோம். இருவருக்கும் அந்த விஷயத்தில் அறிவு கிடையாது, அதனால் வாதம் நன்றாகவே நடந்தது.

அந்த நாட்டு யூதர்களுக்கு மற்ற நாட்டு யூதர்களிடையே ஒரு பெயர் உண்டு. அவர்கள் மண்டையால் மட்டும் வாழ்கிறவர்கள், நெஞ்சு குளிர்ந்தவர்கள், எதற்கும் கேள்வி கேட்பவர்கள். பாவம் செய்ய முதலே பரிகாரம் செய்து முடித்துவிடுகிற கெட்டிக்காரர்கள் என்று பகிடி பண்ணுவார்களாம். தலைநகரம் வில்னியஸை வடக்கின் ஜெருசலேம் என்று சொல்லுமளவுக்கு அங்கே படிப்பும் அச்சுக்கூடமும் புத்தகமும். பழுதான செபப் புத்தகத்தைக் குப்பையில் போடாமல், மனிதரைப் புதைப்பது போல மண்ணில் புதைப்பார்கள். புத்தகம் கைதவறி விழுந்தால் எடுத்து முத்தமிடுவார்கள். புத்தகத்தில் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற எங்களுக்கு இதையெல்லாம் யாரும் விளக்கத் தேவையில்லை.

எல்லாவற்றிலும் என்னை வென்றது மீன். போலந்துப் பக்கத்து யூதர்கள் மீனை அரைத்து உருட்டி அவிக்கும்போது சீனி போடுவார்களாம். லித்துவேனியாக்காரர் மிளகு போடுவார்களாம். சீனிக்கும் மிளகுக்கும் நடுவில் எல்லைக்கோடு கீறலாம் என்றார். "சீனி போட்ட மீனோ?" என்று மனைவி முகத்தைச் சுழித்தாள். அந்த நிமிடத்திலிருந்து எங்கள் வீட்டில் லித்துவேனியாக் கட்சி ஒன்று உருவாகிவிட்டது. அவர் கொண்டுவந்து தந்த மீனில் மிளகு காணாது என்று அவள் இன்னும் கொஞ்சம் தூவித்தான் சாப்பிட்டாள், அது வேறு கதை.

இப்படி இருக்கும்போதுதான் இரண்டாயிரத்தொன்பது வந்தது.

என் தம்பி வன்னியில் இருந்தான். நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் கட்டவில்லை. கிளிநொச்சியில் உழவு இயந்திரம் திருத்துகிற பட்டறை வைத்திருந்தான். சண்டை நின்றிருந்த காலத்தில் அவனை வெளியே எடுக்க நான் எல்லா வழியும் பார்த்தேன். வரமாட்டேன் என்றான், மூன்று இயந்திரம் அரைகுறையில் நிற்கிறதாம். பிறகு சண்டை திரும்பத் தொடங்கியது. சனம் இடம்பெயர்ந்து பெயர்ந்து கடற்கரை ஓரமாக ஒடுங்கியது. அவனும் அவர்களோடு போனான்.

சித்திரை மாதக் கடைசியில் ஒரு பின்னேரம் அவனுடைய குரல் போனில் வந்தது. யாரிடமோ வரிசையில் நின்று வாங்கிய போன். "அண்ணை, சுகமோ?" என்றான். எனக்கு முதலில் வந்தது கோபம். சந்தோஷம் கோபமாகத்தான் வெளியே வரும், அது என் பிறவிக் குணம். "மாடு மாதிரி அங்கை நிண்டு என்னடா செய்தனி? எத்தினைதரம் சொன்னனான்? ஒரு சொல்லுக் கேட்டனியோ?" என்று தொடங்கினேன். அவன் சிரித்தான். பின்னால் சத்தம் கேட்டது, இடி போல. "அண்ணை, ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்கினம். மிச்ச ஏச்சை நாளைக்குக் கேக்கிறன்" என்றான். போன் நின்றது. நாளைக்கு அவன் எடுக்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் எடுக்கவில்லை.

அந்த வைகாசியில் ரொறன்ரோவில் எங்கள் சனம், சண்டையை நிறுத்தச் சொல்லிப் பெருந்தெருவில் ஏறி உட்கார்ந்தது. மனைவி போனாள். அக்கா முழங்கால் வருத்தத்தோடு போனாள். நான் போனை விட்டு அசையமாட்டேன் என்று கட்டடத்திலேயே கிடந்தேன். கோட்டுக்காரர் தன் பேப்பரை வாசித்துவிட்டு, இலங்கைச் செய்தி இருக்கிற பக்கம் மேலே தெரியும்படி மடித்து, ஒவ்வொரு காலையும் என் கதவடியில் வைத்துவிட்டுப் போவார். பிறகு ஒரு நாள் யுத்தம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தது. அந்தப் பேப்பரையும் அப்படியேதான் மடித்து வைத்திருந்தார்.

முகாம்களில் இருந்தவர்களின் பெயர்கள் மெல்ல மெல்ல வந்தன. தம்பியின் பெயர் எதிலும் இல்லை. முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர் சொன்னார், அவனைக் கடைசிக் கிழமையில் கண்டதாக. இன்னொருவர் சொன்னார், அதற்கு முதலே காணவில்லை என்று. செத்ததைக் கண்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

யுத்தம் முடிந்து மூன்று கிழமையில் அக்கா என்னைக் கூப்பிட்டாள். ஐயரிடம் கேட்டாளாம். நாள் தெரியாவிட்டால் யுத்தம் முடிந்த நாளைச் செத்த நாளாகக் கணக்குவைத்து முப்பத்தோராம் நாள் கிரியை செய்யலாம் என்றாராம். ஆண் சகோதரம் நான்தான், கிரியைக்கு நான்தான் இருக்கவேண்டும்.

"அவன் செத்தவன் எண்டு உனக்கு ஆர் சொன்னது?" என்றேன்.

"அவன்ரை ஆத்துமா தண்ணியில்லாமல் அலையுமடா."

"நீ அவனைக் கொல்லுறாய். பிள்ளை மாதிரி வளத்துப்போட்டு நீயே கொல்லுறாய்."

அக்கா போனை வைத்துவிட்டாள். அவள் என்னிடம் அப்படிப் போனை வைத்தது அதுதான் முதல் தரம். மனைவி குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். 

அதற்கு இரண்டு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, கட்டடத்தில் புகை அலாரம் பரிசோதிக்கிற நாள். முன்னமே எல்லாருக்கும் கடிதம் போட்டிருந்தேன். ஆள் இல்லாத வீடுகளை என் சாவியால் திறந்து உள்ளே போகலாம். ஆறாம் மாடியில் கோட்டுக்காரர் இல்லை. உள்ளே போனேன். குசினி மேசையில் ஒரு சின்னக் கண்ணாடிக் கிளாசுக்குள் மெழுகுதிரி ஒன்று எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் துணி விரிப்பு, அதற்குப் பக்கத்தில் பழைய பேப்பர்க் கட்டு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளில்லாத வீட்டில் நெருப்பு. பதினொரு மாடியும் என் பொறுப்பு. குனிந்து வாயால் ஊதி நூர்த்தேன். நான் சைவக்காரன். சாமி விளக்கை வாயால் ஊதக்கூடாதென்று தெரியாதவன் இல்லை, பூவால் அமர்த்தித்தான் நூர்ப்போம். ஆனால் கிளாசுக்குள் இருந்த மெழுகுதிரியைப் பார்த்தபோது பிறந்தநாள் கேக்தான் என் நினைவுக்கு வந்தது. ஊதிவிட்டு, ஏணியில் ஏறி அலாரத்தின் பொத்தானை அமர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கத்திக்கொண்டிருக்கும்போதுதான் அவர் கதவைத் திறந்தார்.

முதலில் மேசையைப் பார்த்தார். பிறகு ஏணியில் நின்ற என்னைப் பார்த்தார். சத்தம் நின்றது.

"ஆர் நூர்த்தது?"

"நான்தான். ஆளில்லாத வீட்டிலை நெருப்பு எரியக்கூடாது. சட்டம்."

அவர் கதிரையில் உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றவில்லை. ஏசுவார் என்று காத்திருந்தேன், நானும் திருப்பி ஏசத் தயாராக இருந்தேன். அவர் கொஞ்சநேரம் யோசித்தார். அந்த நேரத்திலும் அவர் என் பக்கத்து நியாயத்தை நிறுத்துப் பார்த்தார் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் அதிசயம்.

"சட்டம் சரி" என்றார். "தீப்பெட்டி லாச்சிக்குள்ளை கிடக்கு. நீர்தான் நூர்த்தனீர். நீரே கொளுத்தும்."

இறங்கினேன். மேசை இழுப்பறையைத் திறந்து தீப்பெட்டியை எடுத்தேன்.  "ஆருக்கு இது?" என்று கேட்டேன்.

"அண்ணருக்கு."

வருடத்துக்கு ஒருநாள், செத்தவரின் திதிக்கு, ஒரு நாள் முழுக்க எரிகிற மெழுகுதிரி ஏற்றுவது அவர்கள் வழக்கம். திதிதான். அவர்களின் மாதமும் சந்திரனைப் பார்த்துத்தான் நடக்கிறது, தேதி வருடத்துக்கு வருடம் நழுவும். அன்றைக்குக் காலை செபக்கூடத்துக்குப் போய்ச் செத்தவருக்காக ஒரு செபம் சொல்லவேண்டும். தனியாகச் சொல்லமுடியாது, பத்து ஆம்பிளைகள் கூடவேண்டும். அங்கேதான் அவர் போயிருந்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று. அவருக்கு ஒன்பது வயது. ஒரு ஆனி மாதத்து விடியற்காலை ரஷ்யப் படைக்காரர் பெயர்ப் பட்டியலோடு வந்து தாயையும் தகப்பனையும் அவரையும் ரயிலில் ஏற்றினார்கள். சைபீரியாவுக்கு. பதினாறு வயது அண்ணர் அன்றைக்கு வீட்டில் இல்லை. ஆற்றில் நீந்தவென்று பக்கத்து ஊருக்கு, மாமா வீட்டுக்குப் போயிருந்தார். ரயிலுக்குள் தாய் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே போனாளாம், ஒரு பிள்ளையாவது தப்பிவிட்டான் என்று. ஒரு கிழமை கழித்து ஜேர்மன் படை அந்த நாட்டுக்குள் வந்தது. அந்த வருடம் முடிவதற்குள் அங்கே இருந்த யூதர்களில் பெரும்பாலானோரைக் காடுகளுக்குள் கொண்டுபோய்ச் சுட்டார்கள். பனிக்குள் போனவர்கள் மிஞ்சினார்கள். தப்பிவிட்டான் என்று நினைத்தவனைக் காணவில்லை. யுத்தம் முடிந்து, தகப்பன் இல்லாமல் திரும்பி வந்த தாயும் மகனும் ஊர் ஊராகக் கேட்டார்கள். கண்டேன் என்றவரும் உண்டு, காணவில்லை என்றவரும் உண்டு.

"அவர் செத்தது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"தெரியாது."

"தெரியாமல் எப்பிடிக் கொளுத்துவியள்?" நான் கத்திவிட்டேன். கத்தின பிறகுதான், யாரிடம் கேட்கிற கேள்வியை யாரிடம் கேட்கிறேன் என்று விளங்கியது. தம்பியின் போன், அக்காவின் முப்பத்தொன்று, நான் அவளுக்குச் சொன்ன சொல், எல்லாவற்றையும் சொன்னேன். தீக்குச்சி இன்னும் கையிலேயே இருந்தது.

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு எழும்பிப்போய்ச் சுவர் அலுமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு கோட்டு. ஒருநாளும் போடாத, பழங்காலத்து வெட்டு. "இஞ்சை வந்து நான் வெட்டின முதல் நல்ல கோட்டு. அண்ணன் வருவான், குளிருக்கு ஒண்டுமில்லாமல் வருவான் எண்டு அம்மா வெட்டுவிச்சவ. தோளளவு அவதான் சொன்னவ. முப்பது வருசம் மெழுகுதிரி கொளுத்த விடேல்லை. அம்மா போன பிறகு நானே ஒரு நாளைத் தெரிஞ்சன். ரயில் வெளிக்கிட்ட நாள்."

"அப்ப அம்மா பிழையோ?"

"இல்லை."

"நீங்கள் பிழையோ?"

"நானும் பிழையில்லை." கோட்டின் தோளைத் தட்டிவிட்டு அலுமாரியைச் சாத்தினார். "எங்கடை சட்டப் புத்தகத்திலை தோத்தவரின்ரை வாதத்தை அழிக்கிறேல்லை. வெண்டவர் சொன்னதும் தோத்தவர் சொன்னதும் ஒரே பக்கத்திலை கிடக்கும். ஆயிரம் வருசத்துக்குப் பிறகு வாறவன் ரெண்டையும் படிக்கவேணும்."

"அப்ப நான் என்ன செய்ய?"

"அதை உம்மடை அக்காவோடை கதையும். நான் கோட்டு வெட்டுறவன்."

தீக்குச்சியை உரசி மெழுகுதிரியைக் கொளுத்தினேன். அது அணையாமல் இருக்கிறதா என்று பின்னேரம்வரை மூன்றுதரம் மேலே போய்ப் பார்த்தேன். சட்டத்துக்குச் சட்டமும் ஆயிற்று, ஆளில்லாத வீடு என்ற பேச்சும் இல்லை.

அன்றிரவு அக்காவுக்குப் போன் எடுத்தேன். "நீ செய். நான் செய்யமாட்டன். ஆனா வாறன்" என்றேன். அவள் அந்தப் பக்கத்தில் அழுதாள். முப்பத்தொன்றுக்கு அக்காவின் கணவர், என் அத்தான், தர்ப்பை போட்டுக்கொண்டு ஐயருக்கு முன்னால் இருந்தார். நான் கராஜுக்குள் இருந்து வாழைக்காய் சீவினேன், கிடாரம் கழுவினேன். தம்பிக்கு விருப்பமான கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பை அக்கா என் இலையில் இரண்டுதரம் விட்டாள். சாப்பிட்டேன். அவள் செய்தது பிழை என்று அதற்குப் பிறகு நான் ஒருநாளும் சொல்லவில்லை. நீ ஏன் செய்யவில்லை என்று அவளும் கேட்கவில்லை. லித்துவேனியாக்காரரிடமிருந்து நாங்கள் பெற்றுக்கொண்டது அதுதான். ஆயிரக்கணக்கான வருடம் அடித்து விரட்டப்பட்ட ஒரு சனம், தங்களுக்குள் தோற்றவனைக்கூட விரட்டாமல் பக்கத்தில் இடம் கொடுத்து வைத்திருக்கிறது. அதற்காகவே அவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஐந்து வருடம் கழித்து அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான் போனது ஒரு சனிக்கிழமை. பேச்சு மிகவும் குறைந்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, கட்டடத்துக் கதைகள், லிஃப்ட் பழுதான கதை எல்லாம் சொன்னேன். வெளிக்கிட எழும்பினபோது கண்ணைத் திறந்தார்.

"ஆனி மாசத்திலை என்ரை குசினி இருட்டாக் கிடக்கும்" என்றார்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அன்றைக்கு ஓய்வுநாள், ஒன்றும் கேட்கக்கூடாது. அவர் கேட்கவும் இல்லை.

"ஓம்" என்றேன்.

அவரைப் புதைத்தபோது நானும் மண் போட்டேன். முதல் மண்ணை மண்வெட்டியின் பின்பக்கத்தால் போடவேண்டும், இந்த வேலைக்கு நாங்கள் அவசரப்படவில்லை என்று காட்டுவதற்கு. கல்லறைக்குப் பூ கொண்டுபோவதில்லை, கல்தான் வைப்பார்கள். பூ வாடும், கல் இருக்கும். அடுத்த ஆனி மாதம் பாதர்ஸ்ட் வீதிக் கடையில் மெழுகுதிரி வாங்கப் போனேன். ஒன்று எடுத்தேன். கை தானாகவே இன்னொன்றையும் எடுத்தது. ஒன்றை எங்கள் குசினியில் அவருடைய அண்ணருக்கு ஏற்றினேன். மற்றதை அலுமாரியில் வைத்தேன். அடுத்த வருடமும் அப்படியே. அதற்கு அடுத்த வருடமும். கண்டும் கேட்டுமிராத ஒரு பதினாறு வயதுப் பெடியனுக்கு விளக்கு ஏற்ற எனக்கு மனம் வந்தது. என் தம்பிக்கு வரவில்லை.

இப்போது வேலையை விட்டு ஸ்ரௌவ்வில்லில் மகளின் வீட்டில் இருக்கிறோம். கார் இல்லாமல் பால் வாங்கக்கூடப் போகமுடியாத ஊர். ஆனாலும் வருடா வருடம் மகளை இழுத்துக்கொண்டு பாதர்ஸ்ட்டுக்குத்தான் போவேன். "அப்பா, they sell it right here," என்று அவள் சொல்வாள், பிறகு காரை எடுப்பாள். ஏற்றாத கிளாசுகள் அலுமாரியில் ஒரு தட்டு நிறைந்துவிட்டன. மனைவி அவற்றைத் தூசு தட்டித் திருப்பி அடுக்கி வைப்பாள். இத்தனை வருடத்தில் ஒருநாளும், இதுகள் என்னத்துக்கு என்று கேட்டதில்லை.

இந்த வருடம் சித்திரைக் கடைசியில் ஒரு பின்னேரம். தம்பி கடைசியாகப் பேசிய நாள். நான் அதை யாருக்கும் சொல்வதில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும். பெரிய கண்ணாடி யன்னல் வைத்த குசினி, மேற்கு வெயில் நிலம் முழுக்க விழுந்து கிடந்தது. நான் தேத்தண்ணியோடு மேசையில் இருந்தேன். அவள் வந்து வாசலில் நின்றாள்.

"இஞ்சருங்கோ" என்றாள். "குசினி இருட்டாக் கிடக்கு."

"வெயில் கண்ணைக் குத்துது" என்றேன்.

"நல்ல இருட்டு" என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன்.  எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்தேன். முன்வரிசையில் இருந்த கிளாசை எடுத்து மேசையில் வைத்தேன். முதல் குச்சி அணைந்தது. இரண்டாவதில் திரி பிடித்தது.

மிச்ச ஏச்சை நாளைக்குக் கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் அவன். விட்ட இடம் எனக்கு மறக்கவில்லை. "ஒரு சொல்லுக் கேட்டனியோடா, மாடே" என்று அங்கிருந்தே தொடங்கினேன். இடையில் அழுகை வந்தது. அழுதுகொண்டே, ஒன்றும் மிச்சம் வைக்காமல், அவனை ஏசி முடித்தேன்.